மருந்து கொஞ்சம், கவனம் அதிகம்!

தீபாவளி அன்று விடியற்காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். ஊதுவத்தியின் நுனியால் ஒரு வெடியைப் பற்ற வைக்கிறார்கள்.

"டமார்!"

ஒரு நொடிதான். சிரிப்பும் கைதட்டலும் எழுகின்றன. வாசல் முழுவதும் காகிதத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன.

அந்த ஒரு நொடிக்காகப் பல பேர் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலைகளில் மிகுந்த ஆபத்தானவை இரண்டு. ஒன்று, மருந்து கலப்பது. மற்றொன்று, காகிதக் குழாய்க்குள் மருந்து செலுத்துவது.

பட்டாசுத் தொழிலில் வெடிமருந்தை "மருந்து" என்றுதான் சொல்வார்கள். நோய்க்குக் கொடுப்பதும் மருந்து. வெடிக்குள் போவதும் மருந்து. இரண்டுக்கும் விதி ஒன்றுதான். அளவு தவறினால் ஆபத்து!

கரிசல் காட்டில் சின்ன அறைகள்

விருதுநகரில் இருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழை குறைந்த பூமி. வெயில் கொளுத்தும்.

வழியில் சில இடங்களில் வேலி போட்ட நிலம் தெரியும. உள்ளே சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும். பார்ப்பதற்கு வீடு போலவும் இருக்காது. கடை போலவும் இருக்காது.

அதுதான் பட்டாசு ஆலை.

ஆலை என்றால் பெரிய கட்டிடமும் உயரமான புகைபோக்கியும் நம் நினைவுக்கு வரும். இங்கே அப்படி இல்லை. ஒரே ஆலை பல அறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஏன் இப்படி?

ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது. அதற்காகத்தான் இந்த இடைவெளி.

தீப்பெட்டியில் தொடங்கிய கதை

1922-ம் ஆண்டு. சிவகாசியைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். ஒருவர் அய்ய நாடார். மற்றொருவர் சண்முக நாடார். இருவரும் உறவினர்கள்.

மழை பொய்த்தால் விவசாயம் இல்லை. ஊர் மக்களுக்கு வேறு பிழைப்பு வேண்டும். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளவே அவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள். கற்றுக்கொண்டு திரும்பி வந்து, 1923-ல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள்.

முதலில் ஜெர்மனி இயந்திரங்களை வாங்கினார்கள். பிறகு, இந்த ஊருக்குக் கைவேலையே ஏற்றது என்று கண்டுகொண்டார்கள். ஒரு பெரிய வேலையைப் பல சின்ன வேலைகளாகப் பிரித்தார்கள். ஒருவர் சட்டத்தில் குச்சி அடுக்கினார். ஒருவர் குச்சியின் நுனியை மருந்தில் தோய்த்தார். ஒருவர் பெட்டி ஒட்டினார். ஒருவர் பெட்டியில் குச்சியை அடைத்தார்.

தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசு வந்தது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தன. லைசென்ஸ் வாங்கி முறையாக ஆலை நடத்த வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரினால் வெளிநாட்டுப் பட்டாசு வரவும் குறைந்தது. சிவகாசி வளர்ந்தது. இன்று இந்தியா வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் இருந்துதான் போகிறது.

வேலையைப் பிரித்துச் செய்யும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஒரு வெடி உருவாகும் விதம்

சாதாரண வெடி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் காகிதத்தைச் சுருட்டிக் குழாய் செய்கிறார்கள். இதில் மருந்து கிடையாது, ஆபத்தும் கிடையாது.

அடுத்து, குழாய்களை நிற்க வைத்துச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அடிப்பக்கத்தை அடைக்கிறார்கள்.

மருந்து கலப்பது தனி அறையில் நடக்கிறது. கலந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகிறார்கள். அங்கேதான் குழாய்களில் மருந்து செலுத்துகிறார்கள்.

பிறகு மேல்பக்கத்தை அடைக்க வேண்டும்; திரி வைக்க வேண்டும்; வெயிலில் காய வைக்க வேண்டும்; லேபிள் ஒட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். ஓர் இடத்தில் முடிந்த பிறகுதான் அடுத்த இடத்துக்குப் போகும்.

ஒரு மேசை மேல் ஓர் ஆலை

இதே முறையில் வேலை செய்யும் இயந்திரம் ஒன்று வெளிநாடுகளில் இருக்கிறது. அது பட்டாசு செய்யும் இயந்திரம் அல்ல; துப்பாக்கித் தோட்டா நிரப்பும் இயந்திரம்.

தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது, பித்தளைக் கூடு. இரண்டாவது, கூட்டின் அடியில் இருக்கும் பொட்டு. பிள்ளைகள் அடிக்கும் பொட்டு வெடி போல, தட்டினால் தீப்பொறி கிளப்பும். மூன்றாவது, கூட்டுக்குள் இருக்கும் மருந்து. நான்காவது, நுனியில் இருக்கும் குண்டு.

சுட்டவுடன் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதை வீசி எறியாமல் மறுபடியும் நிரப்பிப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் குறி பார்த்துச் சுடும் போட்டியில் கலந்துகொள்பவர்களும் வீட்டு மேசையில் இதற்கென்று ஓர் இயந்திரத்தைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் அப்படிச் செய்ய முடியாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம்.

ஆனால் அந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தை நாம் தெரிந்துகொள்ளலாம். அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஒரு இழுப்பு, ஒரு தோட்டா

அந்த இயந்திரத்தில் வட்டமான தட்டு ஒன்று இருக்கும். தட்டில் நாலைந்து கூடுகள் நிற்கும். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை இழுத்து விட்டால் தட்டு ஓர் இடம் நகரும்.

முதல் இடத்தில் பழைய பொட்டு வெளியே வரும். விரிந்த கூடு பழைய அளவுக்கு வரும். அதன் பிறகு புதிய பொட்டு ஏறும். அடுத்த இடத்தில் மருந்து விழும். அதற்கு அடுத்த இடத்தில் குண்டு உட்காரும். கடைசியில் கூட்டின் வாய் இறுகும்.

இந்த வேலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். ஒவ்வொரு கூட்டுக்கும் ஒவ்வொரு வேலை. தட்டு நிரம்பிய பிறகு, கைப்பிடியை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தோட்டா வெளியே வந்து விழும்!

வேகமான இயந்திரம்தான். ஆனால் அந்த வேகத்தில்தான் வினையும் இருக்கிறது.

ஒரு கூட்டில் மருந்து விழாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடும்போது பொட்டு மட்டும் வெடிக்கும். குண்டு துப்பாக்கிக் குழாயின் நடுவிலே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், குழாயே வெடித்துச் சிதறலாம்.

ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிட்டால்? அதுவும் அதே ஆபத்துதான்.

ஒரு சிட்டிகை மருந்து! அது குறைந்தாலும் ஆபத்து. கூடினாலும் ஆபத்து.

முதல் நாள் பாடம்

ஆகவே, அந்த இயந்திரத்தைப் புதிதாக வாங்கியவருக்கு அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள்?

"முதல் நாளே தட்டை நிரப்பாதே. ஒரே ஒரு கூட்டை வை. ஒரு தடவை இழு. என்ன நடந்தது என்று பார். பிறகு அடுத்த இழுப்பு. ஒரு தோட்டா முழுதாக முடிந்த பிறகு இரண்டாவது கூட்டை வை" என்கிறார்கள்.

மருந்தின் எடையைத் தராசில் பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போதும் அவ்வப்போது நிறுத்தி எடை பார்க்க வேண்டும். குண்டு உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக இயந்திரத்தின் மேலே விளக்கு ஒன்றைப் பொருத்துகிறார்கள்.

மேசையில் ஒரே வகை மருந்துதான் இருக்கலாம். மிச்ச மருந்தை அதன் சொந்த டப்பாவிலே திரும்பக் கொட்டிவிட வேண்டும். பக்கத்தில் சிகரெட் கூடாது, பேச்சும் கூடாது. யாராவது கூப்பிட்டால், இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தட்டில் உள்ள கூடுகளை எல்லாம் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

வேகம் தானாக வரும். முதலில் வர வேண்டியது பழக்கம்.

சிவகாசியில் முதல் நாள்

இனிச் சிவகாசிக்குத் திரும்புவோம்.

பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்கு வருகிறாள். தூக்குச் சட்டியில் சோறு கொண்டு வந்திருக்கிறாள்.

வாசலிலேயே சோதனை. தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. பருத்திச் சேலைதான் உடுத்த வேண்டும். நைலான் உடுத்தினால் துணி உரசி உடம்பில் மின்சாரம் ஏறும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறியே மருந்தைப் பற்ற வைக்கப் போதும்.

அறைக்குள் போவதற்கு முன்னால், பூமியில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அறைச் சுவரில் இரண்டு கணக்கு எழுதியிருக்கும். எத்தனை பேர் உள்ளே இருக்கலாம்? எவ்வளவு மருந்து உள்ளே இருக்கலாம்? மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

இரும்புச் சாமானுக்கு அங்கே வேலை இல்லை. இரும்பு உரசினால் பொறி வரும். மரத்தாலும் பித்தளையாலும் செய்த சாமான்களையே பயன்படுத்த வேண்டும். கீழே ரப்பர் விரிப்பு இருக்கும். வாசல் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். ஓடுகிறவரைக் கதவு தடுக்கக் கூடாது அல்லவா?

அந்தப் பெண் சுறுசுறுப்பானவள். கை வேகமாக ஓடுகிறது. தட்டில் மருந்து தீரப் போகிறது.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு தட்டு சேர்த்துக் கொண்டாந்து வைக்கட்டுமா? போக வர நேரமாகுதே" என்று கேட்கிறாள்.

"வேண்டாம் தாயி" என்கிறார் போர்மேன். "செஞ்சதை முதல்ல வெளியே அனுப்பு. அப்புறம் ஒரு தட்டு எடுத்துக்கோ. நேரம் போனா நாளைக்கு வரும்."

அமெரிக்காவில் அனுபவசாலி சொல்வதும் இதுதான். சிவகாசியில் போர்மேன் சொல்வதும் இதுதான்!

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே எல்லா வேலையும் ஒரே தட்டின் மேல் நடக்கிறது. தவறினால் ஒரு துப்பாக்கி கெடும். ஓர் ஆளுக்குக் காயம் ஏற்படும். இங்கே மருந்தின் அளவு அதிகம், ஆட்களும் அதிகம். ஆகவே, அந்தத் தட்டைப் பிரித்து ஏக்கர் கணக்கான நிலத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். தட்டில் ஓர் இடம் என்பது இங்கே ஓர் அறை.

அறைகளுக்கு நடுவே கிடக்கும் வெறும் மண் வீணாகக் கிடக்கவில்லை. உயிரைக் காப்பது அந்த மண்தான்.

விதியை மீறினால்…

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தது. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உதவி செய்ய ஓடி வந்தவர்களும் அதில் உண்டு.

2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி. சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் ஒரு விபத்து. அதில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அவற்றுக்குப் பிறகும் விபத்துகள் நின்றுவிடவில்லை.

விபத்து நடந்த இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் காரணங்கள் சில உண்டு. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் அதைவிட அதிகம் பேர் இருந்தார்கள். அளவுக்கு மேல் மருந்து இருந்தது. அறைக்குள் செய்ய வேண்டிய வேலையை மரத்தடியில் செய்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க, அறைகளை வேறு பலருக்கு உள்குத்தகைக்கு விட்டார்கள்.

இன்னொரு காரணம், மிச்ச மருந்து. அன்று கலந்த மருந்தை அன்றே முடிக்க வேண்டும். ராத்திரி வைத்திருந்தால் ஈரம் சேரும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளேயே சூடு கிளம்பும். காலையில் வந்து கையை வைப்பவருக்கு அது தெரியாது.

ஏன் மீறுகிறார்கள்?

கூலி வாரத்தில் கிடைக்கிறது. ஆனால் அது எத்தனை உருப்படி செய்தோம் என்ற கணக்குப்படி கிடைக்கிறது. கை வேகமாக ஓடினால் கூலி கூடும். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். முதலாளிக்கும் அவசரம். தொழிலாளிக்கும் அவசரம்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். வாங்கின கடனை அடைக்க வேண்டும். "இன்னும் ஒரு தட்டு செய்துவிடலாமே" என்று மனம் சொல்கிறது.

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அவசரப்பட்டால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் யார்தான் நிதானமாக இருப்பார்கள்? மருந்து செலுத்தும் வேலைக்கு உருப்படிக் கணக்கில் கூலி கொடுப்பது, வேகமாகச் செய் என்று சொல்வதற்குச் சமம். நிதானமாகச் செய்கிறவருக்கும் நல்ல கூலி கிடைத்தால், பாதி விபத்துக்கு அங்கேயே அணை போட்ட மாதிரி ஆகும்.

புதிய மருந்து, புதிய பழக்கம்

2018-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. காற்று கெடுவதைக் குறைக்க, பேரியம் உப்பு கலந்த பட்டாசு கூடாது என்றது. சரவெடியும் கூடாது என்றது. புகை குறைந்த "பசுமைப் பட்டாசு" மட்டுமே செய்யலாம் என்று ஆயிற்று.

இதனால் மருந்துக் கலவை மாறியது. பல வருஷமாகப் பழகிய கைகளுக்குப் புதிய மருந்து வந்தது.

புதிய இயந்திரம் வாங்கியவர் முதல் நாள் எப்படி ஒரே ஒரு கூட்டோடு தொடங்குகிறாரோ, அப்படித்தான் இதுவும். மருந்து மாறினால், இருபது வருஷ அனுபவசாலியும் முதல் நாள் வேலைக்காரர் ஆகிவிடுகிறார். பழைய பழக்கத்தை நம்பிக் கையை ஓட்டக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொண்டு, மெதுவாகத் தொடங்க வேண்டும்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

உங்கள் வீட்டில் இருந்து யாராவது பட்டாசு வேலைக்குப் போகிறார்களா? சில கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள்.

உன் அறையில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? சுவரில் எழுதியிருக்கிற கணக்கு எத்தனை? இரண்டும் ஒன்றாக இருக்கிறதா?

உனக்கு யாராவது பயிற்சி கொடுத்தார்களா? போர்மேன் அறைக்கு வந்து பார்க்கிறாரா?

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அறைச் சுவரில் உள்ளதைப் படித்து, தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். படிப்பு எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இரண்டு வரி படிக்கத் தெரிந்தால் நான்கு உயிர் பிழைக்கலாம்!

எக்காரணம் கொண்டும் வீட்டில் மருந்து வைக்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து திரி வைக்கிறேன், மருந்து அடைக்கிறேன் என்று யாரும் தொடங்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அடுப்பும் விளக்கும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் மருந்துக்கு இடம் கிடையாது.

பட்டாசு வாங்குகிறவர்களும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த ஆலையின் பெயரும் விலாசமும் இருக்கிறதா என்று கவனியுங்கள். பெயர் இல்லாத பட்டாசு எந்த வீட்டுத் திண்ணையில், எந்தத் தாயின் கையால் உருவானதோ! மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கினால், அந்த ஆபத்தான வேலையை நாமே வளர்க்கிறோம்.

மாலை மணி அடிக்கும்போது…

மாலையில் மணி அடிக்கிறது. அந்தப் புதுப் பெண் தட்டில் மிச்சம் மருந்து இல்லை என்று காட்டுகிறாள். அறையைக் கூட்டித் துடைக்கிறாள். கையைக் காலைக் கழுவிக்கொள்கிறாள்.

இன்று அவள் செய்த உருப்படி, பக்கத்தில் இருந்தவர்கள் செய்ததைவிடக் குறைவு. கூலியும் கொஞ்சம் குறையும்.

"பழகப் பழகக் கூடும் தாயி. அவசரம் வேண்டாம்" என்கிறார் போர்மேன்.

தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஏறுகிறாள். வாசலில் நின்று வழி பார்த்திருந்த பிள்ளை, "அம்மா!" என்று ஓடி வந்து கட்டிக்கொள்கிறது.

தீபாவளி ஆண்டுக்கு ஒரு நாள் வரும். அம்மா தினமும் வீட்டுக்கு வர வேண்டும்.